நாலு பேரும் ஒரு மோட்டாரும்

இடது உள்ளங்கையில் ஒரு மேல்தாடைப் பல் செட் மல்லாந்து கிடந்தது. வலது கை, கடுகு அளவு முனையுள்ள அரைக்கும் பேனாவைப் பிடித்திருந்தது. ஒரு தொடல், ஒரு ஊதல், விளக்குக்கு நேரே ஒரு திருப்பல். மறுபடி ஒரு தொடல். நகக்கண்களில் பிளாஸ்டர் வெள்ளை. மேசைக்கு அடியில் தூசி உறிஞ்சும் மோட்டார் காலை ஒன்பது மணியிலிருந்து ஓடிக்கொண்டிருந்தது. எதிர்ச்சுவர் அலமாரியில், அச்சுத் தாடைகளின் வரிசைக்கு நடுவே இருந்த பழைய சிடி பிளேயரில் நாலு பேர் வாசித்துக்கொண்டிருந்தார்கள்.

அவள் கைகள் செட்டைக் கழுவித் துடைத்து நீட்டின.

"போட்டுப் பாருங்க."

எதிரே உட்கார்ந்திருந்தவர் ரயில் நிலையத்தில் முப்பத்தொரு வருடம் ஒலிபெருக்கியில் அறிவிப்புச் செய்து ஓய்வுபெற்றவர். கைக்குட்டையை வாய்க்கு மறைவாகப் பிடித்துச் செட்டைப் பொருத்திக்கொண்டு, தொண்டையைச் செருமி, மேசை விளிம்பைப் பிடித்தபடி நிமிர்ந்து சொன்னார்:

"சரக்கு வண்டி சற்று நேரத்தில் வந்து சேரும்." உடனே முகத்தைச் சுளித்தார். "கேட்டுச்சா? விசில் அடிக்குது."

"எனக்கு ஒண்ணும் கேக்கலையே."

"உனக்குக் கேக்காதும்மா. என் பேத்திக்குக் கேக்குது. போன்ல, 'தாத்தா, அடுப்புல குக்கர் வெச்சிருக்கீங்களா'ன்னு கேக்குறா."

சுவரோரம் மெழுகில் பற்களை ஒவ்வொன்றாக நட்டுக்கொண்டிருந்த அவள் நாத்தனார் தலை நிமிராமல் சொன்னாள்: "ஸ்டேஷன்ல வேலை பாத்த வாயி. விசில் இல்லாம வண்டி எப்படிங்கய்யா கிளம்பும்?"

அறிவிப்பாளருக்குச் சிரிப்பு வரவில்லை. செட்டைக் கழற்றி மேசையில் வைத்தார். மூன்றாவது முறை திருப்பிக் கொடுக்கிறார். முதல் முறை, கடிக்கும்போது இடப்பக்கம் உயரம் என்றார். உண்மைதான், நீலத்தாளைக் கடிக்கச் சொல்லி, கறை பட்ட இடத்தை இவள் அரைத்தாள். இரண்டாம் முறை, முன்பற்களுக்குப் பின்னால் தடிப்பாக இருக்கிறது, நாக்கு முட்டுகிறது என்றார், அங்கேயும் அரைத்தாள். இப்போது விசில். இன்னும் என்னத்தை அரைப்பது? இப்படியே போனால் கடைசியில் அந்த மனிதர் கையில் ஈறு மட்டும்தான் மிஞ்சும்.

"வெச்சுட்டுப் போங்க. பாக்கறேன்."

"போன தடவையும் இதையேதான் சொன்னே."

"போன தடவையும் பாத்தேனே!"

அவர் படியிறங்கிப் போனதும் அவள் கண்ணாடியைக் கழற்றி மூக்கின் மேல்பக்கத்தைத் தேய்த்துக்கொண்டாள். பல் வைத்தியரின் கிளினிக்குக்குப் பின்னால், மாடிப்படி ஏறினால் வரும் ஒற்றை அறை அது. இருபத்திரண்டு வருடமாக அவளும் நாத்தனாரும் அங்கே அடுத்தவர் வாய்க்குப் பல் செய்கிறார்கள். நாத்தனார் மெழுகு; அவள் அரைப்பு, மெருகு. தெருவில் அவளுக்குப் 'பல்லக்கா' என்று பெயர். 'பல்லக்கா வர்றாங்க' என்றால், 'யாரு தூக்கிட்டு வர்றாங்க?' என்று கேட்பது கிளினிக் வாசலில் மருந்து விற்பவரின் தினசரி வேடிக்கை. முதல் ஆயிரம் தடவை அவள் சிரித்திருக்கிறாள்.

*

அந்த நாலு பேர் அவள் வாழ்க்கைக்குள் வந்ததற்கும் பல்தான் காரணம்.

பத்தொன்பது வருடத்துக்கு முன் நூலகத்தில் ஒரு சிடி உறையைப் பார்த்தாள். நாலு பேர் வாத்தியங்களோடு நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் பல்கூடத் தெரியவில்லை. புகைப்படக்காரர் சிரிக்கச் சொல்லியிருப்பாரே, அப்படியும் நாலு பேரும் வாயை மூடிக்கொண்டிருந்தால் உள்ளே என்ன நிலவரமோ என்று தொழில் அக்கறையில் எடுத்து வந்தாள். இரண்டு வயலின், ஒரு வயோலா, ஒரு செல்லோ. இசையை எழுதியவர் இறந்து நூறு வருடம் தாண்டியிருந்தது. அதில் மூன்றாம் பகுதி மெதுவானது. செல்லோ ஒரே சுரத்தை நெடுநேரம் பிடித்துக்கொண்டிருக்க, மற்ற மூவரும் அதன்மேல் ஒருவர் பின் ஒருவராக வந்து உட்காருவார்கள். அன்றைக்கு அவள் கையில் இருந்த செட்டை அரைக்காமல் அப்படியே வைத்துவிட்டாள்.

வேறு யாராவது வாசித்தால் இது எப்படி இருக்கும் என்ற கேள்வி அடுத்த மாதம் வந்தது. அந்தக் கேள்வி வந்தவர்கள் உருப்பட்டதில்லை. நூலகத்தில் அதே இசைக்கு ஏழு பதிவுகள் இருந்தன. எப்போதோ இசை தெரிந்த நூலகர் ஒருவர் வாங்கிப் போட்டது. ஏழையும் மாறி மாறி எடுத்தாள். வாசித்தவர்கள் பெயர் வாயில் நுழையாததால் அவளே பெயர் வைத்தாள். முதலில் எடுத்த பதிவு 'அவசரக்காரங்க'. சம்பந்தி வீட்டுக்கு வந்தவர்கள் போல நாலு பேரும் 'நீங்க முதல்ல, நீங்க முதல்ல' என்று ஒருவருக்கொருவர் வழிவிட்டுக்கொண்டே இருக்கும் பதிவு 'மாமியார் வீடு'. அரங்கில் பதிவு செய்தபோது கூட்டத்தில் ஒருவர் விடாமல் இருமியது 'இருமல்'. மூக்கைச் சிந்தும் வேகத்தில் ஒவ்வொரு சுரத்தையும் இழுப்பது 'அழுமூஞ்சி'. மற்ற மூன்றுக்கும் 'பெரியது', 'சின்னது', 'கீறல்' என்பதற்கு மேல் பெயர் வைக்கத் தோன்றவில்லை.

யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. பற்களை எப்படிச் சோதிப்பாளோ அப்படித்தான் பதிவுகளையும் சோதித்தாள்: ஒரே இடத்தை ஏழிலும் போட்டுக் கேட்பது, எங்கே இடிக்கிறது என்று பார்ப்பது, நோட்டில் எழுதுவது. நோட்டு மூன்றாகியிருந்தது. முடிவு மட்டும் பத்தொன்பது வருடமாக மாறவில்லை. அவசரக்காரங்களின் செல்லோ தொட்டதும் விளக்குப் போட்டது போலிருக்கும். மற்ற ஆறிலும் செல்லோவின் அடியில் ஏதோ உரசும். அழுமூஞ்சியில் ரொம்ப மோசம். 'செல்லோ சுருதி இறக்கம். காதில்லாதவர்' என்று முதல் நோட்டில் எழுதி, இரண்டாம் நோட்டில் அடிக்கோடும் போட்டிருந்தாள்.

வீட்டில் கேட்க வழியில்லை. அங்கே அவள் கணவரும் தொலைக்காட்சியும் மாற்றி மாற்றிப் பேசுவார்கள். "உன் நாலு பேர் இன்னைக்கு என்ன சொன்னாங்க?" என்று சாப்பிடும்போது கேட்பார்.

"நாலு பேர்னா நாலு விதமாத்தான் சொல்வாங்க."

"இதைக் கேக்க நூலகத்துக்கு வேற போகணுமா? தெருமுனையிலேயே நாலு பேர் நிக்கிறாங்களே."

*

போன வாரம் நூலகத்திலிருந்து கடிதம் வந்தது. சிடி அலமாரி இருக்கும் இடத்தில் கணினிகள் வரப்போகின்றன. ஒரே இசைக்குப் பல பதிவுகள் இருந்தால் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவை நீக்கப்படும். அடிக்கடி எடுத்துச் செல்பவர் என்ற முறையில் தங்கள் பரிந்துரையை வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணிக்குள் எழுத்தில் தரவும். பிரிவு: அறை இசை. காரணம்: மூன்று வரிகளுக்கு மிகாமல்.

நாத்தனார் எட்டிப் பார்த்து வாசித்தாள். "அறை இசையா? யாரு யாரை அறையறது, அண்ணி?"

"அறைன்னா ரூம். சின்ன ரூம்ல உக்காந்து வாசிக்கிறது."

"இப்ப நீங்க பல்லைக் கடிக்கிறதைப் பாத்தா அந்த அறை மாதிரி தெரியலையே."

நேரே நூலகத்துக்குப் போனாள். நூலகர் அவள் மகள் வயதுக்காரி. சண்டை போட முடியாத அளவு மரியாதையானவள்.

"நீக்கறதை என்னம்மா பண்ணுவீங்க?"

"பெட்டியில போட்டு சீல் வெச்சு அனுப்பிடுவோம்க்கா. தூளாக்கிடுவாங்க."

"எனக்குக் கொடுத்துடேன். பத்தொன்பது வருஷமா நான் ஒருத்திதானே எடுக்கிறேன்."

"விதியில இடம் இல்லைக்கா. வாசகர்களுக்குக் கொடுக்கக் கூடாதுன்னு தனியாவே போட்டிருக்கு." குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "நீங்க எதைச் சொல்றீங்களோ அதை வெச்சுக்கப் போறோம். வேற யாருக்கும் தெரியாதுக்கா இதெல்லாம்."

நாத்தனாரின் கைப்பேசியில் தேடிப் பார்த்தார்கள். மாமியார் வீடு இருந்தது, பெரியது இருந்தது, அவசரக்காரங்க எங்கேயும் இல்லை. "காப்பி எடுத்து வெச்சுக்கங்களேன் அண்ணி" என்றாள் நாத்தனார். உறையின் பின்னால் நூலக முத்திரைக்குக் கீழே 'நகல் எடுக்கலாகாது' என்று அச்சடித்திருந்தது. பல்லக்காவுக்கு விதி என்றால் விதிதான். சொந்த மகளுக்கே பல் வைத்தியர் சீட்டு இல்லாமல் பல் செய்து கொடுக்காதவள்.

ஆனால் கவலைப்பட ஒன்றுமில்லை. ஒன்றைத்தான் வைக்க முடியும் என்றால் எது என்று அவளுக்குத் தெரியும். திங்கள்கிழமையே தாளில் 'அவசரக்காரங்க' பதிவின் முறையான பெயரை எழுதி, கீழே காரணமும் எழுதிவிட்டாள்: 'விறுவிறுப்பானது. நால்வரும் ஒரே மூச்சு. செல்லோவின் ஒளி வேறெதிலும் இல்லை.' கடைசியாக ஒருமுறை ஏழையும் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடலாம் என்று எல்லாவற்றையும் எடுத்து வந்திருந்தாள். போட்டுவிட்டு அன்றே கொடுத்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

*

புதன்கிழமை காலை மோட்டார் ஒரு தும்மல் தும்மிக் கருகல் வாசனையோடு நின்றது.

மோட்டாருக்குக் காயில் கட்டுபவர் வந்து மூடியைத் திறந்து மூக்கால் பரிசோதித்தார். "போயிருச்சு. எத்தனை வருஷமா ஓடுது?"

"நாங்க வந்ததுலேர்ந்து."

"அது இன்னும் உழைக்கணும்னு எப்படித்தான் மனசு வந்துச்சு உங்களுக்கு? வெள்ளிக்கிழமை தர்றேன்."

"நாளைக்குத் தர முடியாதா?"

"நாளைக்குத் தந்தா வெள்ளிக்கிழமை திரும்பக் கூப்பிடுவீங்க."

தூக்கிக்கொண்டு போய்விட்டார். உறிஞ்ச ஆளில்லாமல் அரைத்தால் தூசி முழுக்க நெஞ்சுக்குள்தான் போகும். வாயையும் மூக்கையும் துணியால் கட்டிக்கொண்டு, கையரத்தால் நனைத்து நனைத்துத் தேய்த்தாள். எரிச்சலாக வந்தது. நாலு பேராவது வாசிக்கட்டும் என்று அவசரக்காரங்களைப் போட்டாள்.

முதல் பகுதி ஓடியது. இரண்டாவது ஓடியது. மூன்றாம் பகுதியில் செல்லோ தொடங்கியதும் கையரம் நின்றது.

விளக்கு எரியவில்லை. செல்லோ அங்கேதான் இருந்தது, ஆனால் தனியாகக் காலூன்ற இடமில்லாமல் மெலிந்து நின்றது. அதன்மேல் வந்து உட்கார வேண்டிய வயலின்கள் அடுத்த வண்டியைப் பிடிக்கப் போகிறவர்கள் போல நுனியில் உட்கார்ந்து எழுந்தார்கள். நடுவிலிருந்து யாரோ எழுந்து போய்விட்டது போல ஒரு வெற்றிடம்.

சிடியை எடுத்துத் துடைத்துப் போட்டாள். அதேதான். பிளேயரின் கண்ணைப் பஞ்சால் துடைத்தாள். அதேதான். ஒயரை ஆட்டினாள், பிளேயரை ஒரு தட்டுத் தட்டினாள்.

"இதுதான் அறை இசையா, அண்ணி?"

"சும்மா இருக்கியா! நேத்து வரைக்கும் நல்லாத்தானே பாடுச்சு. மோட்டார் போனா இதுவுமா போகணும்?"

நாத்தனார் மெழுகுக் கத்தியைச் சுடரில் காட்டியபடி, வேலை மும்முரத்தில் எப்போதும் செய்வது போல வாயை மூடிக்கொண்டு முனகத் தொடங்கினாள். இருபத்திரண்டு வருடமாக அந்த அறையில் உட்கார்ந்து அவளுக்குப் பழகிய ஒரே பாட்டு அதுதான். மோட்டாரின் பாட்டு. 'ம்ம்ம்...'

விளக்கு எரிந்தது.

செல்லோவுக்குக் கீழே தரை வந்தது. வயலின்கள் அமர்ந்தார்கள். பத்தொன்பது வருடத்து அவசரக்காரங்க அப்படியே திரும்ப வந்தார்கள். நாத்தனார் மூச்சு வாங்க நிறுத்தினாள்; அணைந்தது.

"நிறுத்தாதே! இன்னொரு தடவை."

"என்ன?"

"முனகு. மோட்டார் மாதிரி."

நாத்தனார் அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டு முனகினாள். எரிந்தது. "நிறுத்து." அணைந்தது. பல்லக்கா எழுந்து போய் அழுமூஞ்சியைப் போட்டாள். முனகச் சொன்னாள், கல்லில் கத்தியைத் தீட்டுவது போல அந்தப் பழைய உரசல். நிறுத்தச் சொன்னாள். உரசல் இல்லை. காதில்லாதவர் என்று அவள் அடிக்கோடு போட்டு வைத்திருந்த செல்லோக்காரர், சுத்தமான சுருதியில், யார் உதவியும் இல்லாமல், அந்த நீண்ட சுரத்தைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

அவசரக்காரங்க எல்லாரையும்விட ஒரு மயிரிழை மேலே சுருதி கூட்டியிருந்தார்கள். மோட்டாரின் சத்தமும் அந்தச் சுருதியில்தான் நின்றது. மற்ற ஆறு பதிவுகளும் மோட்டாருக்கு ஒரு மயிரிழை கீழே. அவ்வளவுதான். பத்தொன்பது வருடமாக மேசைக்கு அடியில் உட்கார்ந்துகொண்டு, ஒரு தூசி மோட்டார் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. இவள் அதை மூன்று நோட்டில் எழுதி வைத்திருக்கிறாள்.

"அப்ப இத்தனை நாளா நாலு பேர் இல்லையா?" நாத்தனாருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "அஞ்சு பேரா? அஞ்சாவது ஆளு காயில் கட்டப் போயிருக்காரா?"

"வாயை மூடு."

"மூடித்தானே அண்ணி முனகினேன்!"

அப்போதுதான் படியில் செருப்புச் சத்தம். அறிவிப்பாளர் நாள் பார்த்தா வருவார்? வந்ததும் வராததுமாக, "என்னம்மா, பாத்தியா?" என்றார்.

இன்னும் தொடக்கூட இல்லை. அதைச் சொல்ல வாய் வராமல் செட்டைக் கழுவி நீட்டினாள். "போட்டு இன்னொரு தடவை சொல்லுங்க."

போட்டுக்கொண்டார். "சரக்கு வண்டி சற்று நேரத்தில் வந்து சேரும்."

அமைதியான அறையில் மூன்று 'ச'வும் மூன்று விசில். கூரான, மெல்லிய, கொதிக்கத் தொடங்கும் கெட்டிலின் விசில். ஜன்னலில் உட்கார்ந்திருந்த புறா திரும்பிப் பார்த்தது. நாத்தனார் கீழே விழாத மெழுகைத் தேடுவது போலக் குனிந்துகொண்டாள்.

பல்லக்கா நாற்காலியில் உட்கார்ந்தாள். கேட்கவில்லை என்று வாதாடி அவரைத் துரத்தியிருக்கிறாள். வயசானவர், தனியாக இருக்கிறார், பேச ஆள் வேண்டும், அதனால்தான் வருகிறார் என்று நாத்தனாரிடம் தீர்ப்பும் சொல்லியிருக்கிறாள்.

"விசில் அடிக்குதுங்கய்யா" என்றாள்.

அறிவிப்பாளர் மேசையைத் தட்டினார். "இதைத்தானே நான் அன்னைக்கே சொன்னேன்!"

"ஆமா. எனக்குக் கேக்கலை. மோட்டார் ஓடிட்டு இருந்துச்சு."

"மோட்டாரை நிறுத்திட்டுக் கேட்டிருக்கலாமில்ல?"

செட்டைத் திரும்ப வாங்கி வைத்துக்கொண்டாள். "வெள்ளிக்கிழமை மூணரைக்கு நூலகத்துக்கு வாங்க" என்றாள். "உங்க வீட்டுக்கும் பக்கம். நானும் அங்கே வரணும். கையில கொடுத்துடறேன்."

*

அரைப்பது ஒரு நிமிட வேலை. ஒட்டுவது ஒரு நாள் வேலை. தடிப்பு என்று அவர் சொன்னபோது, முன்பற்களுக்குப் பின்னால் அவள் கொஞ்சம் அதிகமாகவே சுரண்டியிருந்தாள். அங்கே நாக்குக்கும் செட்டுக்கும் நடுவில் காற்று ஓட ஒரு சந்து கிடைத்துவிட்டது. வியாழக்கிழமை காலை, அவரைத் திரும்ப வரவழைத்து, அந்தப் பள்ளத்தில் மெழுகு வைத்துப் பேசச் சொன்னாள். கொஞ்சம் வைத்தால் விசில். நிறைய வைத்தால் 'ஷரக்கு வண்டி'. நகத்தளவு மெழுகை வைத்தும் எடுத்தும் பதினோராம் தடவை 'சரக்கு' சரக்காக வந்தது. அவர் போனதும் அந்த மெழுகை அச்செடுத்து, அதே கனத்துக்கு அக்ரிலிக் ஏற்றி, வேகவைக்கப் போட்டாள்.

அது வேகும் நேரம் முழுக்க ஏழு பதிவுகளையும் கேட்டாள். ஜன்னலை மூடி, விசிறியை நிறுத்தி, நாத்தனாரை முனகக்கூடாது என்று எச்சரித்து. மாமியார் வீடு அப்படியொன்றும் கூச்சமில்லை. அவர்கள் மெல்லப் பேசியது மோட்டாரில் அமுங்கியிருக்கிறது. இருமல் இருமல்தான். அழுமூஞ்சிதான் காலை வாரிவிட்டது. அது இழுக்கவில்லை. ஒவ்வொரு சுரமும் முடியும் இடத்தில் ஒரு மெல்லிய வால் இருந்தது. அது முழுதாகத் தேய்ந்த பிறகுதான் அடுத்தவர் உள்ளே வந்தார். வால் கேட்காதவளுக்கு இடைவெளி மட்டும் கேட்டிருக்கிறது. இடைவெளியைச் சோம்பல் என்று எழுதியிருக்கிறாள். வயோலா இரண்டு இடத்தில் அளவுக்கு மீறி உருகியது. அதை மட்டும் மன்னிக்க முடியவில்லை. மற்றபடி, நியாயமாகப் பார்த்தால், இதுதான்.

நியாயமாகப் பார்த்தால் அவசரக்காரங்க தூளாக வேண்டும்.

"உங்களுக்கு எது பிடிக்குதோ அதை எழுதிக் கொடுங்களேன்" என்றாள் நாத்தனார், இந்த முறை கிண்டலில்லாமல். "எடுக்கப் போறது நீங்க மட்டும்தானே. உங்களுக்குத்தான் மோட்டார் இருக்கே."

"வேற யாராவது எடுத்தா?"

"பத்தொன்பது வருஷமா யாரு எடுத்தாங்க?"

"அதுக்காக? யாரோ ஒருத்தர் எடுத்துட்டுப் போய் வீட்டுல போட்டுக் கேப்பாங்க. அவங்க வீட்டுல மோட்டாரா ஓடும்? 'எந்த மடச்சி இதைத் தேர்ந்தெடுத்தா'ன்னு நினைக்க மாட்டாங்களா?"

"நாலு பேர் என்ன சொல்வாங்கன்னு பயப்படற ஆளா நீங்க?"

 பல்லக்கா இன்னொரு தாள் எடுத்து அழுமூஞ்சியின் முறையான பெயரை எழுதினாள். காரணத்தைப் பல்லைக் கடித்துக்கொண்டு எழுதினாள். பழைய தாளைக் கிழிக்கவில்லை. இரண்டையும் மடித்துக் கைப்பையின் இரண்டு அறைகளில் வைத்தாள்.

வெள்ளிக்கிழமை மதியம் மோட்டார் வந்தது. காயில் கட்டுபவர் பொருத்திவிட்டு, "இனிமே சத்தமே வராது" என்று பெருமையாகச் சுவிட்சைப் போட்டார். நாத்தனார் பல்லக்காவைப் பார்த்தாள். பல்லக்கா பிளேயரைப் பார்த்தாள். 'ம்ம்ம்.' நல்ல வேளையோ கெட்ட வேளையோ, சத்தம் வந்தது; பழைய சுருதியிலேயே வந்தது. அவர் தலை மறைந்ததும் அவசரக்காரங்களைக் கடைசியாக ஒருமுறை போட்டாள். செல்லோ தொட்டதும் விளக்கு எரிந்தது. பொய் என்று தெரிந்தும் எரிந்தது. அதுதான் தாங்க முடியவில்லை. பகுதி முடியும் வரை நின்றுகொண்டே கேட்டுவிட்டு, சிடியை உறையில் போட்டு, வாய் மூடிய நாலு பேரையும் ஒருமுறை பார்த்தாள்.

"சிரிச்சாத்தான் என்ன?" என்றாள் அவர்களிடம்.

*

நூலகத்தில் அறிவிப்பாளர் மூன்று மணிக்கே வந்து உட்கார்ந்திருந்தார். முதல் வேலையாகச் சிறிய டப்பாவைத் திறந்து செட்டைக் கொடுத்தாள். அவர் தூணுக்கு அந்தப் பக்கம் போய்ப் பொருத்திக்கொண்டு வந்தார். நாக்கால் உள்ளே ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். முகத்தில் எதுவும் தெரியவில்லை.

"சொல்லிப் பாருங்க."

"சரக்கு வண்டியெல்லாம் போதும். வாய்க்குப் பழகின வாக்கியத்துல வாய் ஏமாத்திடும். புதுசா ஏதாவது கொடு, படிக்கிறேன்."

செய்தித்தாள்களை வாசகர்கள் ஆளுக்கொன்றாக வைத்திருந்தார்கள். நூலகர் மேசைக்கு அந்தப் பக்கம் நின்று, அவள் கொண்டுவந்த ஏழு சிடிகளையும் அடுக்கிக்கொண்டிருந்தாள். "தாள் கொண்டு வந்தீங்களாக்கா? பெட்டியை இன்னைக்கே சீல் வைக்கணும்."

சுவர்க் கடிகாரத்தில் நான்கு மணிக்கு இன்னும் பத்து நிமிடம் இருந்தது. பல்லக்கா கைப்பையைத் திறந்தாள். ஓர் அறைக்குள் கையை விட்டாள், எடுத்தாள், மற்றதற்குள் விட்டாள். நூலகர் பெருவிரலால் அவசரக்காரங்க உறையின் தூசியைத் துடைத்து, தனியாக எடுத்து வைத்தாள். "இதுதானேக்கா? எப்பவும் நீங்க எடுக்கிறது?"

"அவசரப்படாதே" என்றாள் பல்லக்கா.

மடித்த தாள் ஒன்றை எடுத்து அறிவிப்பாளரிடம் நீட்டினாள். "இதைப் படிங்க. இதுல 'ச' நிறைய இருக்கு."

அவர் தாளைப் பிரித்து, கையை நீட்டித் தூரத்தில் பிடித்து, நிமிர்ந்தார். ஒலிபெருக்கி இல்லாமலே அந்தக் குரல் அலமாரிகளின் கடைசி வரிசை வரைக்கும் போனது. பதிவின் பெயரைத் தடுமாறாமல் வாசித்துவிட்டு, கீழே வந்தார்:

"சத்தமில்லாத அறையில் சரியாகக் கேட்பது இது. செல்லோ சுருதி சுத்தம். சோகம் சற்று அதிகம், சகித்துக்கொள்ளலாம்."

செய்தித்தாள்கள் எல்லாம் கீழே இறங்கியிருந்தன. ஒரு விசில்கூட இல்லை. அறிவிப்பாளர் தாளைப் பார்த்தார், நாக்கால் பற்களின் பின்புறத்தைத் தொட்டார், முதல்முறையாகப் பல் தெரியச் சிரித்தார்.

நூலகர் கையிலிருந்த உறையையும் பல்லக்காவையும் மாறி மாறிப் பார்த்தாள். "அப்ப இது இல்லையாக்கா?"

"படிச்சதுதான். ஊருக்கே கேட்டுருச்சு, இனிமே மாத்தவா முடியும்?" அறிவிப்பாளர் கையிலிருந்து தாளை வாங்கி, மேசையின் மேல் வைத்துத் தேய்த்து மடிப்பை நிமிர்த்தினாள். கையெழுத்துப் போடவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. நூலகரின் பேனாவை வாங்கிப் போட்டாள்.

"பிடி" என்று நீட்டினாள்.